மலையை வெட்டுவதற்கு முன்னால் ஒரு நாள்



பதிவு கொஞ்சம் நீளம். ஊரவர்கள் நேரம் எடுத்து வாசித்துவிட்டு, திட்டுவதென்றாலும் திட்டுங்கள். ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன கிழமை ஒன்பதாம் வகுப்பில் புவியியல் பாடம். பாடம் முடிந்து கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நின்றது. டித்வா புயல் நேரம் எங்கள் பாடசாலை முகாமாக இருந்தபோது, பகலில் தான் படிக்கும் வகுப்பறையிலேயே இரவில் பாய் விரித்துப் படுத்த பிள்ளை அது. "சேர், எங்கட வீட்டை இருந்த இடத்திலேயே திரும்பக் கட்டப் போறாங்களாம். பள்ளியால காசு குடுப்பாங்களாம். அந்த இடம் சரியா சேர்?" என்று கேட்டது.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "வீட்டில பெரியவங்க பார்த்துக்கொள்வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆசிரியர் ஒருவர் சொல்லக்கூடிய மிகக் கேவலமான பதில் அதுதான். இந்தப் பதிவு அந்தப் பிள்ளைக்கு நான் அன்றைக்குச் சொல்லாத பதில்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் அது தேவை.

நான் புலமைப்பரிசில் எழுதிய வருடம்தான் வாப்பா எங்கள் வீட்டைக் கட்டினார். எட்டு பேர்ச் காணி, பின்பக்கம் மண்மேடு. மேசன் பாஸும் இரண்டு கையாட்களும் மண்வெட்டியால் மேட்டைச் செங்குத்தாக வெட்டி இடம் எடுத்தார்கள். பன்னிரண்டு அடி உயரம் இருக்கும். அணைச்சுவர் "பிறகு பார்ப்போம்" என்று விடப்பட்டது. ராத்தாவுக்குக் கல்யாணம் பேசியபோது மேலே ஒரு தட்டுப் போட்டோம். அதற்கு யாரிடமும் அனுமதி எடுக்கவில்லை. கீழே இருந்த அத்திவாரம் தாங்குமா என்று பாஸிடம் கேட்டோம். "தாங்கும்" என்றார். அத்தோடு கதை முடிந்தது.

வாப்பாவின் கணக்குக் கொப்பி இன்றும் அலுமாரியில் இருக்கிறது. மணல், கல், சீமெந்து, கம்பி, மரம், ஓடு, பாஸின் கூலி, பகல் சாப்பாடு, தேநீர் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார். பின்பக்க மேட்டுக்கும் கானுக்கும் மட்டும் ஒரு சதம்கூட எழுதப்படவில்லை. நவம்பர் மாத அந்த இரவில் மேடு சரிந்து குசினிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. உம்மா அப்போதுதான் தஹஜ்ஜுத்துக்கு எழும்பி முன்னறைக்கு வந்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் தப்பியது எங்கள் கெட்டித்தனத்தால் இல்லை.

எத்தனையோ பேர் தப்பவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த அந்தப் புயல் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மாவட்டங்களில் அதிகமானோரை இழந்தது நமது கண்டி. இங்கே மட்டும் 200க்கு மேல். கம்பளையிலும் கெலிஓயாவிலும் மகாவலி வீடுகளுக்குள்ளே வந்தது. அலவத்துகொடைப் பக்கம் மலையே இறங்கி வந்தது. சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்று மண் பார்க்கவில்லை.

இப்போது ஊரில் இரண்டு பேச்சு ஓடுகிறது. ஒன்று, "எல்லாம் அரசாங்கத்தின் பிழை." மற்றது, "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்." இரண்டாவதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம்தான் நம்முடையது. மேட்டைப் பன்னிரண்டு அடி செங்குத்தாக வெட்டிவிட்டு, கானும் இல்லாமல், அணைச்சுவரும் இல்லாமல் படுத்துக்கொண்டு கத்ர் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதல் பேச்சுக்கு வருவோம். நம் ஊர்களில் வீடு கட்டுவது யார்? கொழும்பில்போல பெரிய கம்பனிகள் இங்கே இல்லை. சவூதியில் பதினைந்து வருடம் ஓட்டிய வாப்பா, ஒரு மேசன் பாஸ், ஒரு பெக்கோக்காரர், மணல் லொறிக்காரர், வயரிங் செய்கிற தம்பி. இவர்கள்தான் நம்முடைய வீட்டு நிர்மாணத்துறை. கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் நீங்கள் காணும் வீடுகளில் பெரும்பாலானவற்றை இவர்கள்தான் கட்டினார்கள். இவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் எப்போது சந்திப்பு நடக்கிறது? சோலைவரி வாங்கும்போது ஒன்று. யாரோ பெட்டிசம் போட்டு வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வரும்போது ஒன்று. கடைசியாக, மண்ணுக்குள்ளிருந்து ஜனாஸாவை எடுக்க இராணுவம் வரும்போது ஒன்று. மலையை வெட்டுவதற்கு முன்னால் ஒரு நாள்கூட இவர்கள் ஒன்றாக நிற்பதில்லை. என்னுடைய முழு வாதமும் அந்த ஒரு நாளைப் பற்றியதுதான்.

அறிவு இல்லாத நாடு இல்லை இது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 1984 முதல் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் மலைநாட்டில் வந்த பெரிய மண்சரிவுகளுக்குப் பிறகு, 1990 முதல் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். கண்டியும் அதில் அடங்கும். இந்த மாவட்டங்களில் சரிவான காணியில் கட்டுவதென்றால் அவர்களுடைய அறிக்கை வேண்டும் என்பது இப்போது விதி. மழை பெய்யும்போது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவித்தல் தருவதும் அவர்கள்தான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தெரியும், நான் படிப்பித்திருக்கிறேன்.

அப்படியென்றால் பிழை எங்கே? வரைபடம் கந்தோரில் இருக்கிறது. பெக்கோ மலையில் இருக்கிறது. நடுவில் பாலம் இல்லை.

காணி துண்டு போடுபவர் மேலே பாதை வெட்டி, ஆறு ஆறு பேர்ச்சாகப் பிரித்து விற்கிறார். வாங்குபவர் உறுதியைப் பார்க்கிறார், தண்ணீர் இருக்கா என்று பார்க்கிறார், பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார். அபாய வரைபடத்தில் அந்தக் காணி எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பாஸிடம் "சதுர அடி எவ்வளவுக்குச் செய்வீங்க?" என்று மட்டும் கேட்கிறோம். சதுர அடிக் கணக்கில் மேடு வராது, கான் வராது. கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துக் கீழே வரைக்கும் கொண்டுபோகிற செலவும் வராது. பிறகு கையில் காசு முடிந்திருக்கும்போது அறிக்கை, வரைபடம், அனுமதி என்று நடக்கச் சொன்னால் யார் நடப்பார்? ஒவ்வொரு கந்தோருக்கும் ஒவ்வொரு நாள் லீவு போட முடியாத மனிதன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெக்கோவை இறக்கிவிடுகிறான். அதை நான் சரி என்று சொல்லவில்லை. ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன்.

2020 செப்டம்பர் 20ஆம் திகதி அதிகாலை கண்டி பூவெலிக்கடையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இருந்தபடியே சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. கைக்குழந்தை உட்பட மூன்று பேர் மௌத்தானார்கள். கொஞ்ச நாள் எல்லோரும் பேசினோம். அனுமதி இல்லாத கட்டடங்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் தட்டு மேல் தட்டு போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அக்குறணை நகருக்குள் பிங்கா ஓயா எத்தனை தரம் வந்துவிட்டது? ஒவ்வொரு தரமும் கடைச் சாமான்களைக் காய வைத்துவிட்டு, அடுத்த மழை வரைக்கும் மறந்துவிடுகிறோம். ஓயாவின் இடத்தை நாம் எடுத்தால், ஓயா நம் இடத்தை எடுக்கத்தான் செய்யும்.

அரசாங்கமும் வீடு கட்டுபவனும் சேர்ந்து வேலை செய்வது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1978இல் பிரேமதாசவின் காலத்தில் ஒரு இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருடம் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை வந்தது. அரசாங்கமே எல்லா வீட்டையும் கட்டிக் கொடுக்க முடியாது என்பது சில வருடங்களில் புரிந்தது. எனவே 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வேறு மாதிரி வந்தது. வீட்டைக் கட்டுவது குடும்பம். அரசாங்கம் கொடுப்பது சிறிய கடன், காணி, தொழில்நுட்ப ஆலோசனை. அந்தத் திட்டத்தில் குறைகள் இருந்தன, அரசியலும் இருந்தது. ஆனால் மக்களை வீடு வாங்கிக்கொள்பவர்களாகப் பார்க்காமல் வீடு கட்டுபவர்களாகப் பார்த்த பார்வை சரியானது. உலகத்தில் பல நாடுகள் அதைப் படித்தன. நாம்தான் மறந்துவிட்டோம்.

சுனாமிக்குப் பிறகும் அதே பாடம் கிடைத்தது. முழுமையாக உடைந்த வீட்டுக்கு 250,000 ரூபாய், நான்கு தவணையாக. வேலை ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த தவணை. தன் வீட்டைத் தானே கட்டிய குடும்பம், வெளியிலிருந்து வந்தவர்கள் தாங்களாகவே வரைபடம் போட்டுக் கட்டிக் கொடுத்த வீட்டை விடத் தன் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. குசினியை எங்கே வைப்பது என்று உம்மாவைக் கேட்காமல் கட்டிய வீடுகள் எத்தனை பூட்டிக் கிடந்தன என்று கிழக்கில் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தவணை முறையில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் மலைநாட்டுக்கு அது பொருந்தும். முதல் தவணை அத்திவாரத்துக்குப் போகக் கூடாது, மலைக்குப் போக வேண்டும். வெட்டிய சரிவு, அணைச்சுவர், சுவரில் தண்ணீர் வடியும் துவாரம், மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்பும் கான். இவை முடிந்து, பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அத்திவாரம். இப்போது முழுமையாக உடைந்த வீடு ஒன்றைக் கட்ட 50 இலட்சம் வரை தருவதாக அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அரச காணி இல்லாத இடத்தில் காணி வாங்கவும் 50 இலட்சம் வரை என்று சொல்லியிருக்கிறது. நம் நாட்டு வரலாற்றில் இது சிறிய தொகை இல்லை. இந்தக் காசு முழுவதும் சீமெந்தாகவும் டைல்ஸாகவும் மாறி, பின்பக்க மேடு மட்டும் பழைய மேடாகவே இருந்தால், அடுத்த புயலுக்கு நாங்கள் அழகான வீட்டைக் கட்டிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

"மலையில் சனம் நெருங்கி வாழ்ந்தால் இப்படித்தான்" என்று சிலர் சொல்கிறார்கள். ஹொங்கொங்கைப் பாருங்கள். 1972 ஜூன் 18ஆம் திகதி, ஒரே நாளில், இரண்டு மண்சரிவுகளில் அங்கே 138 பேர் இறந்தார்கள். அதில் ஒன்று பன்னிரண்டு மாடிக் கட்டடத்தையே சாய்த்தது. 1976இலும் மறுபடி உயிர்கள் போயின. 1977இல் சரிவுகளுக்கென்றே ஒரு அரச பொறியியல் அலுவலகத்தை அமைத்தார்கள். யார் மலையை வெட்டினாலும், அது தனியார் காணியாக இருந்தாலும், திட்டம் முதலில் அங்கே போக வேண்டும். ஏற்கெனவே வெட்டிய சரிவுகளையும் ஒவ்வொன்றாக இலக்கம் போட்டுப் பதிவு செய்து, பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்று எழுதி வைத்தார்கள். இன்றும் அங்கே மழை பெய்கிறது, மலை சரிகிறது. ஆனால் அந்த அளவில் மனிதர்கள் சாவதில்லை. மலை மாறவில்லை. வெட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் வந்தது.

நம்மிடம் ஹொங்கொங்கின் காசு இல்லை, உண்மைதான். ஆனால் முதல் நாளில் மூன்று பேர் ஒன்றாக ஒரு காணியில் நிற்பதற்கு எவ்வளவு காசு வேண்டும்? பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் அதிகாரி, வேலை எடுத்த பாஸ். மாதத்தில் இரண்டு நாள், கிராம உத்தியோகத்தர் பிரிவு ஒன்றுக்கு. அன்றைக்கே எல்லா விண்ணப்பத்தையும் ஒரே மேசையில் வாங்கட்டும். ஆறு பேர்ச், எட்டு பேர்ச் சரிவான காணிக்கென்று, மலையை வெட்டாமல் படிபடியாக இறங்கும் வீடுகளின் மாதிரி வரைபடங்கள் சில இலவசமாகக் கிடைக்கட்டும். வரைபடத்துக்கே காசு இல்லாத மனிதன்தான் அதிகமாக மலையை வெட்டுகிறான்.

பாஸ்மாரை இதில் சேர்க்காமல் ஒன்றும் நடக்காது. 2014ஆம் ஆண்டின் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தில் தொழிலாளர்களைப் பதிவு செய்யவும் இடம் இருக்கிறது. நம் பக்கத்துப் பாஸ்மார் பலருக்கு அது தெரியாது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. முப்பது வருட அனுபவம் உள்ளவர்கள். ஆனால் அந்த அனுபவம் சமதரையில் சுவர் எழுப்பிய அனுபவம். மண்ணுக்குள் தண்ணீர் என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடசாலை லீவில் வகுப்பறை சும்மாதான் கிடக்கிறது. பயிற்சிக்கு இடம் வேண்டுமென்றால் அதிபரிடம் நானே கேட்கிறேன்.

இனி நம் பக்கம். இதுதான் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி.

ஸகாத் காசிலும் ஊர்க் காசிலும் நாலு வீடு திரும்பக் கட்டுவதாகப் பள்ளி நிர்வாகத்தில் பேசியிருக்கிறார்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் என் வாப்பாவின் கூட்டாளிகள், எனக்கு ஓதித் தந்தவர்களும் இருக்கிறார்கள். புயல் நேரம் முகாமில் சமைத்தவர்கள், சேற்றை அள்ளியவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய நிய்யத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: அறிக்கை வராத காணியில் ஒரு கல்லும் வைக்காதீர்கள். அந்த நாலில் இரண்டு வீட்டுக்கு மேலே நிலத்தில் வெடிப்பு இருப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். வெடிப்புக்குள் என் கை போகிறது. அந்த இடத்தில் வீடு கட்டிக் கொடுப்பது உதவியா என்று ஒரு தரம் யோசியுங்கள்.

"சேருக்கு என்ன, மாதச் சம்பளம் வருது. அறிக்கை வாற வரைக்கும் அவங்க எங்க இருக்கிற?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாடகைக்கு இருக்கட்டும். கட்டும் காசில் ஒரு பகுதியை ஆறு மாத வாடகைக்குக் கொடுப்போம். அதற்கு நானும் என் பங்கைத் தருகிறேன்.

"அரசாங்கம் எங்கேயோ தூரத்தில் காணி தரும். கடை இங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, மையவாடி இங்கே. எப்படிப் போவது?" இதுவும் நியாயமான கேள்வி, இதற்கு அரசாங்கம்தான் பதில் சொல்ல வேண்டும். 2016 அரநாயக்க சரிவுக்குப் பிறகும், அதற்கு முன் 2014இல் கொஸ்லந்த மீரியபெத்தவுக்குப் பிறகும் மக்கள் இடம் மாறினார்கள். வீடு மட்டும் இடம் மாறினால் போதாது, வேலையும் பஸ்ஸும் சேர்ந்து வர வேண்டும் என்பது அங்கெல்லாம் தெரிந்த பாடம். பாதுகாப்பான காணியைக் கண்டுபிடிக்கும் மேசையில் இடம் மாறப் போகும் குடும்பமும் இருக்க வேண்டும். காணியைத் தீர்மானித்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவது கூட்டுவேலை ஆகாது.

இன்னொன்று. மகளுக்குக் கல்யாணம் பேசும்போது "வீடு இருக்கா?" என்று கேட்கும் பழக்கத்தை நாம் விடாத வரைக்கும், ஆறு பேர்ச்சில் மூன்றாம் தட்டு வந்துகொண்டேதான் இருக்கும். எங்கள் வீட்டு மேல்தட்டு அப்படித்தான் வந்தது. அந்தத் தட்டின் பாரத்தைச் சுமப்பது அத்திவாரம் மட்டும் இல்லை, வாப்பாவும்தான்.

இந்தக் கிழமை ஊரில் எல்லோரும் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று வரும் ஊற்று, கலங்கி வரும் தண்ணீர், இறுகி மூட முடியாமல் போன கதவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் மேட்டுக்குள் இறங்காமல் கானுக்குப் போகிறதா பாருங்கள். காணி வாங்கப் போகிறவர் உறுதியோடு அபாய வரைபடத்தையும் கேளுங்கள்.

எங்கள் வீட்டு அணைச்சுவருக்கு இப்போது மதிப்பீடு எடுத்தோம். பதினொரு இலட்சம். வாப்பா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்தப் பழைய கொப்பியை எடுத்து, கடைசிப் பக்கத்தில் "மேடு" என்று எழுதி, பக்கத்தில் தொகையைப் போட்டார். அறிக்கைக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அது வரும் வரைக்கும் குசினி முன்னறையில்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகக் கூட்டம் இருக்கிறது. எனக்குப் பேச ஐந்து நிமிடம் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். இதே விஷயத்தைத்தான் சொல்வேன். முடிந்தவர்கள் வாருங்கள். என்னோடு உடன்படாதவர்களும் வாருங்கள்.

அந்தப் பிள்ளையைத் திங்கட்கிழமை வகுப்பில் பார்ப்பேன். "அந்த இடம் சரியா என்று இன்னும் தெரியாது மகள். தெரியும் வரைக்கும் அங்க ஒரு கல்லும் வைக்க மாட்டாங்க" என்று சொல்ல எனக்கு ஆசை. அந்தச் சொல்லைச் சொல்ல முடியுமா இல்லையா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

வஸ்ஸலாம்.